12 பேர், ஒரு வேன்: துருக்கியின் மேற்குக் கரையைத் தரைவழியே பார்ப்பது எப்படி

துருக்கிக்குப் போகலாமா என்று பேச்செடுத்ததும் பாதிப் பேர் கப்படோக்கியா பலூனைத்தான் கேட்பார்கள். அழகான இடம்தான், சந்தேகமில்லை. ஆனால் தெற்குக் கரையிலுள்ள ஆண்டால்யாவிலிருந்தே அது 500 கிலோமீட்டருக்கு மேல். எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் திணித்தால் பார்த்த நேரத்தைவிட வேனில் தூங்கிய நேரம்தான் அதிகமாக இருக்கும். குழுவாகப் போகிறவர்கள் ஒரு கரையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். வடமேற்கிலுள்ள சானக்கலேயில் தொடங்கி, ஏஜியன் கடலோரமாகத் தெற்கே இறங்கி, மூலை திரும்பி, மத்தியதரைக் கடலோரமாகப் போய் ஆண்டால்யாவில் முடியுங்கள். இஸ்தான்புல்லுக்குத் தனியாக நாள் ஒதுக்கிவிட்டு, இந்தக் கரைக்கு முழுசாக இரண்டு வாரம் கொடுங்கள்.

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து சொந்தக்காரர்களையும் தெருக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு பயணம் போவது என் வழக்கம். சித்தி, மைனி, ஓய்வுபெற்ற அண்ணாச்சி, கல்லூரிப் பிள்ளைகள் என்று எல்லா வயதும் கலந்திருக்கும். கீழே சொல்வதெல்லாம் அப்படிப்பட்ட குழுவுக்கு. முதுகுப்பையோடு தனியாகத் திரிகிற இளவட்டங்களுக்குப் பாதிகூடத் தேவைப்படாது.

முதலில் ஒரு விதி. ஒரு நாளைக்கு ஒரு பழைய நகரம், ஒரு கடல். காலையில் வெயில் ஏறுவதற்குள் கல்லைப் பார்த்து முடித்துவிட வேண்டும். மதியம் சாப்பாடும் ஓய்வும். நாலு மணிக்கு மேல் கடல், இல்லையென்றால் கடைத்தெரு. இந்தக் கரையில் இடிபாடுகளுக்குப் பஞ்சமே இல்லை. ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு பழுப்புநிறப் பலகை ஏதாவது ஒரு பழைய ஊரைக் காட்டும். ஒவ்வொன்றிலும் இறங்கினால் மூன்றாம் நாளே "திரும்பவும் தூணா?" என்று பின்சீட்டிலிருந்து குரல் வரும். அந்தக் குரலில் நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு தனிக் காரணம் சொல்ல முடிந்தால் மட்டும் அதைப் பட்டியலில் வையுங்கள்.

கிளம்புமுன் முடிக்க வேண்டியவை

இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு, செல்லுபடியாகும் அமெரிக்க, பிரிட்டிஷ், அயர்லாந்து அல்லது ஷெங்கன் (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான) விசா கையில் இருந்தால்தான் துருக்கியின் இ-விசா கிடைக்கும். இல்லாதவர்கள் விண்ணப்ப மையம் வழியாக ஸ்டிக்கர் விசா வாங்க வேண்டும். ஒரே குழுவில் இரண்டு வகையினரும் இருப்பார்கள் என்பதால், விமான டிக்கெட் எடுப்பதற்கு முன் எல்லோருடைய பாஸ்போர்ட் பக்கங்களையும் ஒருவரே வாங்கிப் பார்த்துவிடுவது நல்லது. விதி மாறக்கூடியது, அரசுத் தளத்தில் அன்றைய நிலவரத்தைச் சரிபாருங்கள்.

பருவம் என்று கேட்டால் ஏப்ரல் கடைசி முதல் மே வரை ஒன்று, செப்டம்பர் கடைசி முதல் அக்டோபர் பாதி வரை இன்னொன்று. வசந்தத்தில் கற்களுக்கு நடுவே சிவப்புப் பாப்பிப் பூக்கள் பூத்துக் கிடக்கும், ஆனால் கடல் குளிரும். அக்டோபரில் தரை காய்ந்திருக்கும், கடல் கோடையின் சூட்டை இன்னும் வைத்திருக்கும். குளிக்க ஆசைப்படுகிறவர்கள் அதிகமென்றால் அக்டோபர்தான் என் தேர்வு. ஜூலை, ஆகஸ்டில் பெரியவர்களை அழைத்துக்கொண்டு போகவே போகாதீர்கள். இந்தக் கரையின் பெரிய இடிபாட்டு நகரமான எபேசுவில் ஒதுங்க நிழல் கிடையாது.

வண்டிக்கு வருவோம். நாலைந்து பேர் என்றால் பேருந்தே போதும். ஒவ்வொரு ஊரிலும் ஓட்டோகார் என்ற பேருந்து நிலையம் உண்டு. அங்கிருந்து சுற்றுப்பட்டு ஊர்களுக்கு தொல்முஷ் என்ற மினிபஸ் போகும். தொலைதூரப் பேருந்தில் சொந்தமில்லாத ஆணையும் பெண்ணையும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் போடமாட்டார்கள். டிக்கெட் எடுக்கும்போதே யார் யாரோடு என்று சொல்லிவிடுங்கள்.

பத்துப் பேருக்கு மேல் போனால் ஓட்டுநரோடு வேன். 16 இருக்கை வண்டி என்றால் 12 பேருக்கு மேல் ஏற்றாதீர்கள். நம்மாட்கள் கொண்டுவரும் பெட்டிகள் மீதி இருக்கையைப் பிடித்துக்கொள்ளும். பயண முகவரிடம் துர்சாப் என்கிற பயண முகவர் சங்கத்தின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பதிவு இருப்பவர்கள் தயங்காமல் கொடுத்துவிடுவார்கள். எரிபொருள், சுங்கம், பார்க்கிங், ஓட்டுநரின் அறை, சாப்பாடு எல்லாம் சேர்த்த விலையா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொன்று. அந்த நாட்டுச் சட்டப்படி வணிக வண்டி ஓட்டுநர் தொடர்ந்து நாலரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, ஒரு நாளில் மொத்தம் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் கூடாது. வண்டியிலுள்ள கருவி அதைப் பதிந்துகொண்டே இருக்கும். "இன்னும் ஒரு இடம் பார்த்துட்டுப் போயிருவோமே அண்ணாச்சி" என்று அவரைக் கெஞ்சுவது அவருடைய உரிமத்தோடு விளையாடுவது. அவர் தூங்கினால்தான் நாம் பத்திரமாகத் திரும்புவோம்.

பணம், இருக்கை, எண்ணிக்கை

குழுப் பயணத்தில் சண்டை வருவது பெரிய தொகைக்காக இல்லை, தண்ணீர் பாட்டிலுக்கும் கழிவறைக் காசுக்கும்தான். ஆளுக்கு ஒரே தொகை போட்டு ஒரு பொதுப் பை வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட், மதியச் சாப்பாடு, தண்ணீர், ஓட்டுநருக்கான அன்பளிப்பு எல்லாம் அதிலிருந்து. கணக்கு ஒருவர், பை இன்னொருவர். மொய் நோட்டு மாதிரி வரிசையாக எழுதி இரவே படம் எடுத்து வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டால் பேச்சே எழாது. இரவுச் சாப்பாடும் ஐஸ்கிரீமும் அவரவர் செலவு. அந்தச் சுதந்திரத்தை விட்டுவைக்க வேண்டும்.

துருக்கியின் நாணயமான லிராவின் மதிப்பு வேகமாக மாறுகிறது. அதனால் ஊரிலேயே மொத்தமாக மாற்றிக்கொண்டு போகாமல், யூரோவாக வைத்துக்கொண்டு அங்கங்கே தெவிஸ் என்று எழுதியிருக்கும் கடையில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். முக்கியமான தொல்லியல் இடங்களில் வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணத்தை யூரோவில்தான் நிர்ணயிக்கிறார்கள், தொகை சின்னதல்ல. 15 நாள் செல்லும் அருங்காட்சியக அட்டை ஒன்று உண்டு. நீங்கள் போகப்போகும் இடங்களின் கட்டணத்தைக் கூட்டிப் பார்த்து, மிச்சமானால் வாங்குங்கள். கடல் மட்டும் போதும் என்கிற மைனிக்கு அது தண்டம். எல்லோருக்கும் ஒரே அட்டை என்று கட்டாயப்படுத்த வேண்டாம்.

வேனில் முன்சீட்டுக்காரர் தினமும் காலையில் பின்வரிசைக்குப் போக, மற்றவர்கள் ஒரு வரிசை முன்னேறட்டும். வாந்தி வருகிறவர்களுக்கு மட்டும் விலக்கு. எண்ணிக்கையை ஜோடியாக வையுங்கள்: ஒவ்வொருவரும் இன்னொருவருக்குப் பொறுப்பு. தலையை எண்ணுவதைவிட "உன் ஜோடி எங்கே?" என்று கேட்பது வேகம். ஜோடி கணவன் மனைவியாக இல்லாமல் ஒரு பெரியவரும் ஒரு இளையவருமாக இருந்தால், படிகளில் கை கொடுக்க ஆள் தானாகவே அமைந்துவிடும்.

வழிகாட்டி விஷயத்தில் கவனம் தேவை. துருக்கியில் அது உரிமம் பெற்ற தொழில். 2012-இல் இதற்கென்றே தனிச் சட்டம் வந்தது. நாமே கொடி பிடித்துக்கொண்டு இடிபாட்டுக்குள் கூட்டத்துக்கு விளக்க ஆரம்பித்தால் தடுத்துக் கேட்பார்கள். எபேசுவுக்கும், மலைமேலுள்ள பழைய நகரமான பெர்காமாவுக்கும் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் வழிகாட்டியை அமர்த்துங்கள். மற்ற இடங்களுக்கு முந்தின இரவு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கதையைப் பேசிவிட்டால் போதும். கேட்டுவிட்டு வருகிறவர்களுக்கு மறுநாள் கல் தானாகவே பேசும்.

வடக்கிலிருந்து தெற்காக

இரவுத் தங்கலை நான் இப்படிப் பிரிப்பேன்: சானக்கலே இரண்டு, பெர்காமா ஒன்று, செல்சுக் மூன்று, பாமுக்கலே ஒன்று, ஃபெத்தியே இரண்டு, காஷ் மூன்று, ஆண்டால்யா இரண்டு. தினமும் பெட்டி கட்ட வைத்தால் பெரியவர்கள் பாதியிலேயே சோர்ந்துபோவார்கள்.

இஸ்தான்புல்லிலிருந்து சானக்கலேக்கு 320 கிலோமீட்டர் போல வரும். தார்தனெல்ஸ் நீரிணையின் மேல் 2022-இல் திறந்த பாலம் இருக்கிறது. நடு இடைவெளி 2023 மீட்டர். குடியரசின் நூற்றாண்டைக் குறித்து வைத்த அளவு அது. ஓட்டுநர் பாலத்தில்தான் போகப் பார்ப்பார். நேரம் இருந்தால் எஜெயாபாத்தில் படகில் வண்டியை ஏற்றச் சொல்லுங்கள். ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்குத் தேநீர் குடித்துக்கொண்டே கடக்கலாம்.

சானக்கலே பக்கத்தில் இருக்கிறது, ஹோமரின் காவியத்தில் வரும் ட்ராய். அங்கே அருங்காட்சியகத்தை முதலில் பாருங்கள். 2018-இல் திறந்தது, மிக நன்றாகச் செய்திருக்கிறார்கள். அதைப் பார்க்காமல் மேட்டுக்குப் போனால் மண்சுவர்களைத் தவிர எதுவும் கண்ணில் படாது. ஒன்பது அடுக்கு ஊர் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்த இடம். 1870-களில் ஜெர்மானியரான ஷ்லீமன் அகழாய்வுக்காகக் குறுக்கே வெட்டிய பெரும் பள்ளம் இன்றும் அப்படியே தெரிகிறது. அப்புறம் பெர்காமா. மேலே போக இழுவைக் கம்பி வண்டி இருப்பதால் முழங்கால் வலிக்காரர்களும் வரலாம். மலைச்சரிவில் செங்குத்தாக இறங்கும் அந்த அரங்கை மேலே நின்று பார்த்தாலே போதும், இறங்க வேண்டியதில்லை.

எபேசுவுக்குப் பக்கத்து ஊர் செல்சுக். அங்கே வந்ததும் எல்லோரும் மறுநாளே எபேசுவுக்குப் போகத் துடிப்பார்கள். ஒரு நாள் பொறுங்கள். முதலில் தெற்கே ப்ரீனே, மிலேட்டஸ், திதிமா மூன்றையும் ஒரே நாளில் பாருங்கள். நம் விதியை மீறுவது இந்த ஒரு நாள்தான். அதற்குக் காரணம் இருக்கிறது.

ப்ரீனே மலைச்சரிவில், பைன் மரங்களுக்கு நடுவே இருக்கிறது. கூட்டம் குறைவு. அரங்கின் முன்வரிசையில் சிங்கப் பாதம் செதுக்கிய பளிங்கு நாற்காலிகள் கிடக்கும். பக்கத்தில் நின்றால் கீழே கண்ணுக்கெட்டிய தூரம் பருத்தி வயல். பழைய காலத்தில் அந்த வயலெல்லாம் கடல். எதிர்ப்புறம் இருந்த மிலேட்டஸ் நாலு துறைமுகம் வைத்திருந்த ஊர். நடுவிலிருந்த வளைகுடாவை மெண்டெரெஸ் ஆறு வண்டலைக் கொட்டிக் கொட்டித் தூர்த்துவிட்டது.

மிலேட்டஸுக்குப் போய் அரங்கின் உச்சி வரை ஏறுங்கள். முடியாதவர்கள் பாதியில் உட்காரட்டும், அங்கிருந்தும் தெரியும். மேற்கே சமவெளிக்கு நடுவில் ஒரு சிறிய மேடு இருக்கும், வயலும் புதரும் சூழ்ந்து. அதுதான் லாதே. ஒரு காலத்தில் தீவு. பொதுக் காலத்துக்கு முன் 494-இல் இந்தக் கரையில் வாழ்ந்த அயோனியக் கிரேக்கர்களின் கப்பல்களும் பாரசீகக் கப்பல்களும் மோதியது அதைச் சுற்றித்தான். அந்தத் தோல்விக்குப் பின் மிலேட்டஸ் பிடிபட்டு அழிந்தது. கடற்போர் நடந்த இடத்தில் இன்று டிராக்டர் ஓடுகிறது. வசந்தத்தில் போனால் கீழே இடிபாடுகளுக்குள் தண்ணீர் தேங்கித் தவளைகள் கத்திக்கொண்டிருக்கும்.

இதை எங்கள் குழுவுக்கு விளக்க எனக்கு அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கை எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. தாமிரபரணி மண்ணைக் கொண்டுவந்து சேர்த்ததில் கடல் விலகி, இன்று வாழைக்கும் வயலுக்கும் நடுவே ஒரு கிராமம். "அப்போ இது இவங்க கொற்கை" என்றார் சித்தி, படியில் உட்கார்ந்தபடியே. அவர் சொன்னதற்குமேல் எந்த வழிகாட்டியும் சொல்லிவிட முடியாது. உங்கள் ஊர்ப் பக்கமும் இப்படி ஒரு தூர்ந்த துறை இருந்தால் அதை முந்தின இரவே நினைவுபடுத்துங்கள்.

திதிமாவில் அப்போலோ கோயிலின் தூண்களைப் பார்த்துவிட்டு, பக்கத்திலுள்ள அல்தின்கும் கடற்கரையில் மாலைக் குளியல்.

மறுநாள் எபேசு. இப்போது அந்த ஊர் வேறு மாதிரித் தெரியும். மேல்வாசலில் இறங்கி, சரிவில் நடந்து கீழ்வாசலில் வெளியே வாருங்கள். வேன் கீழே வந்து நிற்கட்டும். பளிங்குத் தரை ஆயிரக்கணக்கான கால்கள் பட்டு வழுவழுப்பாகிவிட்டது. செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள ஷூ போடுங்கள். பக்கத்துக் குஷாதாசித் துறைமுகத்துக்குச் சொகுசுக் கப்பல் வரும் நாளில் காலை நடுப்பகுதியில் கால் வைக்க இடமிருக்காது. கப்பல் அட்டவணையை இணையத்தில் பார்த்துவிட்டு, திறக்கும் நேரத்திலோ மூன்று மணிக்கு மேலோ போங்கள். செல்சஸ் நூலகத்தின் முன் எல்லோரும் படம் எடுப்பார்கள், எடுக்கட்டும். அதை முடித்துவிட்டுப் பெரிய அரங்குக்கு வந்து உட்காருங்கள். எதிரே தூண்கள் வரிசையாக நிற்கும் அகலச் சாலை நேராக ஓடி நாணல் புதரில் முடிகிறது. அந்தப் புதர்தான் துறைமுகம். மிலேட்டஸைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்காது.

எங்கள் குழுவில் எப்போதும் கிறிஸ்தவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு எபேசு, பெர்கமு (பெர்காமாதான்), சிமிர்னா, லவோதிக்கேயா எல்லாம் வெளிப்படுத்தின விசேஷத்தில் சிறுவயதிலிருந்தே படித்த பெயர்கள். பவுலுக்கு எதிராக தெமேத்திரியு என்ற தட்டான் கிளப்பிய கலகம் நடந்தது இதே அரங்கில்தான் என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. அந்தப் பகுதியைப் படியில் உட்கார்ந்து மெதுவாக வாசிக்க அவர்களுக்கு நேரம் கொடுங்கள். மலைமேல் மாதா வாழ்ந்ததாக நம்பப்படும் சிறிய கல்வீடும் இருக்கிறது. மூன்று போப்பாண்டவர்கள் வந்துபோன இடம். முஸ்லிம்களும் மர்யம் அம்மையை நினைத்து வருகிறார்கள். பனிமய மாதா கோயில் ஊர்க்காரர்கள் அங்கே மெழுகுவர்த்தி ஏற்றாமல் நகரமாட்டார்கள். அவசரப்படுத்தாதீர்கள்.

பாமுக்கலே போகும் வழியில் அஃப்ரோதிசியாஸ். 30,000 பேர் உட்காரக்கூடிய ஓட்டப்பந்தய மைதானம் ஏறக்குறைய முழுசாக, புல் முளைத்து, ஆளரவமில்லாமல் கிடக்கிறது. எனக்கு எபேசுவைவிட இது பிடிக்கும். பாமுக்கலேயில் வெந்நீர் ஊற்று படியவைத்த வெள்ளைச் சுண்ணாம்புப் படிகளில் செருப்பில்லாமல்தான் நடக்க வேண்டும். செருப்பைப் போட்டுக்கொள்ள ஆளுக்கொரு துணிப்பை கொண்டுபோங்கள். பெரியவர்களைத் தெற்கு வாசலில் இறக்குங்கள், நடை குறைவு. எல்லாக் குட்டைகளிலும் எப்போதும் தண்ணீர் இருக்காது, முறைவைத்துத்தான் திருப்பிவிடுகிறார்கள்.

சாப்பாடு

சைவர்கள் பயப்படத் தேவையில்லை, கேட்கத் தெரிந்தால் போதும். எஸ்னாஃப் லொகந்தாசி என்ற கடைகளைத் தேடுங்கள். கடைத்தெருக்காரர்கள் மதியம் சாப்பிடுமிடம். எல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் சமைத்து வைத்திருக்கும், விரலால் காட்டினால் போதும். மதியம்தான் போக வேண்டும், சாயங்காலம் பாத்திரம் காலியாகிவிடும். ஆலிவ் எண்ணெயில் வெந்த பீன்ஸ், கத்தரிக்காய், காராமணி வகைகள் ஆறித்தான் வரும். அதுதான் முறை, சூடாக்கச் சொல்லாதீர்கள். "எத்சிஸ்" என்றால் இறைச்சியில்லாமல். அது மட்டும் போதாது; பருப்பு சூப்பிலும் சோற்றிலும் இறைச்சி வேகவைத்த தண்ணீர் கலந்திருக்கலாம். "எத் சுயு வார் மி?" என்று கேளுங்கள், உண்மையைச் சொல்லிவிடுவார்கள். கீரையோ உருளைக்கிழங்கோ பாலாடைக்கட்டியோ வைத்துச் சுடும் கொஸ்லெமெ எந்தக் கிராமத்திலும் கிடைக்கும். தயிருக்குக் குறைவே இல்லை. வெறும் சோறும் ஒரு கிண்ணம் தயிரும் வாங்கி, கொண்டுபோன ஊறுகாயைத் தொட்டுக்கொண்டால் மாமாக்கள் சமாதானமாகிவிடுவார்கள்.

கழிவறை பற்றிப் பெரியவர்கள் கேட்கக் கூச்சப்படுவார்கள், நானே சொல்லிவிடுகிறேன். மேற்கத்திய வகையிலேயே தண்ணீர்க் குழாய் உள்ளே பொருத்தியிருக்கும். பக்கத்துச் சுவரிலுள்ள சின்னத் திருகைத் திருப்பினால் வரும். பெரிய பெட்ரோல் பங்க்குகளில் சுத்தமாக இருக்கும். சந்தைகளில் சில்லறை தேவைப்படும்.

தெற்குக் கரை

ஃபெத்தியேவுக்குப் பிறகு சாலை வளைந்து வளைந்து போகும். கடல் வலப்பக்கம் என்பதால் அந்தப் பக்க ஜன்னலுக்குப் போட்டி வரும். பாதி வழியில் இடம் மாறிக்கொள்ளச் சொல்லுங்கள். வாந்தி மாத்திரையை அரை மணி நேரம் முன்னதாகவே கொடுத்துவிடுங்கள்.

ஃபெத்தியே பக்கத்தில் கயாகோய்: 1923-இல் கிரீஸும் துருக்கியும் மக்களை மாற்றிக்கொண்டபோது காலியான கிரேக்கர் ஊர். கூரையில்லாத வீடுகள் மலை முழுக்க நிற்கின்றன. இங்கே சத்தம் போட்டுப் படம் எடுக்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவையுங்கள். இது ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கதை இல்லை.

பதாராவில் நம் விதி அழகாகப் பொருந்தும். ஒரே வழியில் முதலில் லிசியா என்ற பழைய நாட்டு நகரங்களின் பேரவை கூடிய மண்டபம், அரங்கு, அப்புறம் மணல்மேடு, அதைத் தாண்டினால் பல கிலோமீட்டர் நீளக் கடற்கரை. இந்த ஊரின் துறைமுகமும் மணலில் மூடிப்போனதுதான். கடலாமைகள் முட்டையிடும் கரை என்பதால் பருவத்தில் இரவில் யாரையும் விடமாட்டார்கள். குடைக்கம்பை மணலில் எங்கும் ஊன்றாதீர்கள், அனுமதித்த இடத்தில் மட்டும்.

காஷில் ஒரு நாளை முழுக்கப் படகுக்கு ஒதுக்குங்கள். உச்சாயிஸ் என்ற சிறு துறையிலிருந்து கெக்கோவா தீவுக்குப் போகலாம். நிலநடுக்கத்தில் கரையோடு அமிழ்ந்த வீடுகளின் படிகள் தண்ணீருக்குள் இறங்குவது படகிலிருந்தே தெரியும். அதற்கு மேலே நீந்தத் தடை. படகுக்காரர் வேறொரு குடாவில் நிறுத்துவார். எதிரே சிமெனா ஊரின் கரையில் ஒரு கல்லறைப் பெட்டி கழுத்தளவு கடலில் தனியாக நிற்கும்.

காஷிலிருந்து பார்த்தால் மெயிஸ் தீவு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, படகும் போகிறது. ஆனால் அது கிரீஸ். ஷெங்கன் விசா வேண்டும், அதுகூட இருந்தாலும் உங்கள் துருக்கி விசா ஒருமுறை நுழைவுக்கு மட்டும் என்றால் திரும்பி உள்ளே வர முடியாது. இளையவர்கள் டிக்கெட் எடுத்துவிடுவதற்கு முன் இதைச் சொல்லிவிடுங்கள்.

ஆண்டால்யாவில் கடைசி முழுநாளைக் காலியாக விடுங்கள். ஆசையிருப்பவர்கள் காலையில் ஆஸ்பெந்தோஸ் அரங்குக்குப் போய்வரட்டும். மற்றவர்கள் பழைய ஊர்ச் சந்துகளில் கடை பார்க்கட்டும். அன்று மாலை பொதுப் பையின் கணக்கை எல்லோர் முன்னாலும் முடித்து, மீதியைப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள். ஓட்டுநருக்கான அன்பளிப்பை லிராவாக, உறையில் போட்டு, குழுவில் மூத்தவர் கையால் கொடுங்கள். ஈரமான கடல்துணிகளை முந்தின மதியமே மாடியில் காயப்போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் விமான நிலையத்தில் பெட்டி எடை கூடும்.